நூற்றுக்கு நாலு கேரட்

பார்வதம் டப்பாவைக் கவிழ்த்து அடியைப் படித்துக்கொண்டிருந்தாள். கடை இனிப்பு எதுவானாலும் மூடியில் இருக்கும் படத்தை அவள் பார்ப்பதில்லை. அடியில் இருக்கும் பொடி எழுத்தைத்தான் பார்ப்பாள்.

"கேரட் நாலு சதவீதம். நூறு பேர்ல நாலு பேருதான் கேரட்டு. மீதி தொண்ணூத்தாறு பேரு யாரு?"

எதிரே நின்ற லாவண்யா சிரித்தாள். மூன்றாவது மாடியில் இருக்கும் ஐ.டி. கம்பெனிப் பெண், தேனியிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்கு முதல் பிறந்தநாள். சேக்காட்டின் இந்த நாற்பது வீட்டுக் குடியிருப்பில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் பார்வதத்தின் கேரட் அல்வாதான். ஆறு வருஷமாக யாரும் அதை மீறியதில்லை. லாவண்யா மீறப் பார்த்தாள், மரியாதையாகத்தான்.

"தெருமுனைக் கடையில வாங்கினேன்க்கா. கேரட் அல்வா ஜெலாட்டோ. நீங்க நல்லாருக்குன்னு சொன்னா இதையே வாங்கிடலாம். உங்களுக்கும் சிரமம் குறையும்ல."

"ஐஸ்கிரீம்தானே?"

"ஐஸ்கிரீம் இல்லக்கா, ஜெலாட்டோ."

"பேர மாத்துனாத்தான் வெலய ஏத்த முடியும். வெச்சிட்டுப் போ கண்ணு, சாயங்காலம் சொல்றேன்." 'சிரமம் குறையும்' என்றது எங்கே தைத்தது என்று முகத்தில் காட்டவில்லை.

காபி குடித்த நாக்கைப் பார்வதம் நம்பமாட்டாள். வெந்நீரில் வாய் கொப்பளித்து, ஒரு பிடி பொரி தின்று, கால் மணி நேரம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். இந்தக் கால் மணி நேரத்துக்காகவே அவள் கணவர் சம்பந்தம் வாரம் இரண்டு முறை இனிப்பு வாங்கி வருகிறார் என்று குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. அதன் பிறகு ஓரத்தில் ஒரு வாய், நடுவில் ஒரு வாய், அடியில் ஒரு வாய்.

முதல் வாய்க்கு, "ஏலக்கா தூக்கலா கீது" என்றாள். இரண்டாவதுக்கு, "நெய் வாசன கீது, நெய்யத்தான் காணோம்." மூன்றாவது வாய்க்கு மூடிய கண் திறக்க நேரமானது. சம்பந்தம் செய்தித்தாளைத் தாழ்த்தினார். அவள் சுதாரித்துக்கொண்டாள்.

"ஜில்லுன்னு இருந்தா எதுவும் நல்லாத்தான் இருக்கும். அல்வான்னா சூட்டுல நிக்கணும்." எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"ஐஸ்கிரீம வாணலியில ஊத்தி டெஸ்ட் பண்றவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்டி!"

"நீங்க மட்டும் டேங்க ஓட்டிப் பாக்காமயா அனுப்பறீங்க?"

முப்பது வருஷமாக ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்குப் போய்வரும் சம்பந்தம் செய்தித்தாளை மறுபடி உயர்த்திக்கொண்டார்.

இரண்டே நிமிஷத்தில் அல்வா ஜெலாட்டோ ஆரஞ்சு நிறப் பாலானது. "பாத்தீங்களா, வெறும் பாலு!" என்று கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பாலைக் கீழே கொட்ட அவளுக்கு மனசு வராது. கூடையில் இருந்த நாலு கேரட்டைத் துருவிப் போட்டாள். கிளறினாள். பால் சுண்டவே ஒரு மணி நேரம் பிடிக்கும் அல்வா இருபது நிமிஷத்தில் வாணலியை விட்டு ஒட்டாமல் புரண்டது. அவள் இதுவரை கிண்டிய எதிலும் அந்த மினுமினுப்பு இருந்ததில்லை. விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இன்னாடி, பாஸா பெயிலா?"

"சும்மா பேப்பரப் படிங்க."

சாயங்காலம் ஒரு கிண்ணத்தோடு மாடியேறினாள். "அந்த ஐஸ்கிரீம் சூடு தாங்கல கண்ணு. ஒரு நிமிசத்துல தண்ணியாப் போச்சு. அத நம்பாத. இதச் சாப்ட்டுப் பாரு."

லாவண்யா ஒரு வாய் தின்றாள். கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "அக்கா! ஞாயித்துக்கிழமைக்கு இதான். இதேதான். இன்னைக்கு என்ன போட்டீங்க, வழக்கத்தை விட ஒரு படி மேல இருக்கே?"

"எல்லாம் கைப்பக்குவந்தாம்மா."

சனிக்கிழமை காலை தெருமுனையில் வேம்புலியின் கடை. மற்றவர்கள் போகும்வரை பார்வதம் பருப்பு விலை விசாரித்துக்கொண்டு நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த கேரட் அல்வா டப்பா எத்தினி கீது?"

"ஆறு கீதுக்கா. இன்னா, நீங்களே வாங்கறீங்க?"

"எடு. பேசாம எடு."

ஆறையும் பையில் இறக்கினாள். இரண்டு கிலோ கேரட் நிறுக்கச் சொன்னாள். வேம்புலி மொத்தமாகக் கொட்டப்போனபோது கையைத் தடுத்து, ஒவ்வொரு கேரட்டாக வாங்கி, எந்த இடுக்கிலும் மூடி தெரியாதபடி டப்பாக்களின் மேல் அடுக்கினாள்.