மூன்றாவது ஒயர்

ஓடிக்கொண்டிருக்கும் ஆம்னி வண்டியின் முன்சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, எஞ்சின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைக்கிறார் யோவான். சைக்கிள் டியூப் சுற்றிய குறடால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டுகிறார். பிடுங்கியதும் தண்ணீர் முன்னைவிடக் குலுங்கினால் அது நல்ல ஒயர். அதைப் பிடுங்கியதால்தான் எஞ்சின் தடுமாறுகிறது. பிடுங்கியும் தண்ணீரில் மாற்றம் இல்லையென்றால் கோளாறு அங்கேதான்.

கோவில்பட்டி எட்டயபுரம் சாலையில் அவருடைய ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் இதை ஒரு வித்தை போல வேடிக்கை பார்ப்பார்கள். "மீட்டரு பொய் சொல்லும்வே, தண்ணி சொல்லாது" என்று அவரும் மிதப்பாகச் சொல்வார். பொய் சொல்வது அவர்தான். முன்பெல்லாம் வாசலில் நின்றபடியே, எந்தச் சிலிண்டர் அடிக்கவில்லை என்று சத்தத்தை வைத்துச் சொன்ன மனிதர். நாற்பது வருடம் எஞ்சினுக்குள் தலையை விட்டதில் காது போய்விட்டது. டம்ளர் வந்தது அதற்குப் பிறகுதான்.

செவிட்டை மறைப்பதில் அவர் பலே ஆள். வண்டிக்காரர் பேசினால் உதட்டையே பார்ப்பார். புரியாவிட்டால், "நீங்களே ஓட்டிக் காட்டுங்க" என்று சாவியை நீட்டிவிடுவார். மாதா கோயிலில் பூசை நேரத்தில் முன்வரிசைக்காரரின் முதுகைப் பார்த்து எழுவார், உட்காருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் இடுப்புவலி தாளாமல் பாதிப் பிரசங்கத்தில் எழுந்து நிற்க, இவரும் விறைப்பாக எழுந்து நின்றார். மனைவி இஞ்ஞாசியம்மாள்தான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"ஒரு மெஷின வாங்கி மாட்டுங்களேன். யாரு சிரிக்கப் போறா?"

"சும்மா கெடட்டி. காதுல மெஷின் மாட்டுன மெக்கானிக்கிட்ட எவன் வண்டிய விடுவான்?"

சென்ற வாரம் கடலைமிட்டாய் ஏற்றும் ஆம்னி ஒன்றுக்குப் புது ஒயர் செட் மாட்டினார். ஒயரின் தொப்பி பிளக்கில் சரியாக உட்கார்ந்தால் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். மூலையில் இருக்கிற மூன்றாவது ஒயர் உட்காரவில்லை. சத்தம் வராதது அவருக்குத் தெரியவில்லை. வண்டி இழுக்கவில்லை, டம்ளர் மூன்றாவதைக் காட்டியது. புது ஒயரே போலி என்று முடிவு கட்டி, இசக்கிதுரையின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு விறுவிறுவென்று போனார்.

ஒயரை எடுத்துக் கொடுத்தவள் கவுண்டரில் நிற்கும் சுகுணா. கடை நிறைய ஆள்.

"டூப்ளிகேட்ட எடுத்துக் குடுத்துட்டு முழிச்சிக்கிட்டு நிக்கே?"

அவள் தலையைக் குனிந்தபடி ஏதோ சொன்னாள். இவர் காதில் ஒரு எழுத்துகூட விழவில்லை. கேட்காத பேச்சுக்கு என்ன பதில் சொல்வது? "எதுத்துப் பேசுதியா?" என்று கத்தினார். கடைக்காரர் இசக்கிதுரை வேறு செட்டை இவரிடம் கொடுத்து, "நாளையிலேருந்து நீ கவுண்டருக்கு வராண்டாம். குடோன்ல நட்டு பிரிச்சுப் போடு" என்று அவளைப் பின்னால் அனுப்பினார். அவள் அழுததை எல்லோரும் பார்த்தார்கள்.

இரண்டாவது செட்டும் அதே மூலையில் அடம்பிடித்தது. மதியச் சோறு கொண்டுவந்த இஞ்ஞாசியம்மாள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "அந்தா, அங்கன டிக்கு டிக்குன்னு அடிக்குதே, கேக்கலியா?" அவள் காட்டிய ஒயரைக் குறடால் அழுத்தினார். அரை விரற்கடை கீழே இறங்கியது. டம்ளரில் தண்ணீர் அடங்கிவிட்டது. முதல் செட்டும் நல்ல செட்டுதான் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

மூன்று நாள் அந்தக் கடை வாசலைத் தாண்டாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார். பொருள் வாங்க வேறு ஆளை அனுப்பினார். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று யோசித்தால், யோசித்த பொய்யெல்லாம் மறுபடியும் அந்தப் பெண் தலையிலேயே விடிந்தது. உண்மையைச் சொன்னால் தொழில் போகும். தன் வயதில் பாதிகூட இல்லாத பெண்ணைப் பலர் முன்னால் அழவிட்டுவிட்டு, வித்தை காட்டிக்கொண்டிருக்கிறோமே என்று அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நான்காம் நாள் காலை கடைக்குப் போனார். அன்றும் கூட்டம்தான்.

"அந்தப் புள்ளையக் கூப்பிடும்வே."

சுகுணா கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து தள்ளி நின்றாள்.

"ஒயரு நல்ல ஒயருதான். நான்தான் சரியா மாட்டல."

இசக்கிதுரை சிரித்தார். "நாப்பது வருச மெக்கானிக்குக்கு ஒயரு மாட்டத் தெரியாதாக்கும்? அவளுக்குப் பரிஞ்சு பேசாதீரும்."

சுகுணா தரையைப் பார்த்தபடி மெல்ல ஏதோ சொன்னாள். வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு யோவான் வெளியே வந்திருக்கலாம்.

"அன்னைக்கும் நீ என்னமோ சொன்னே. எனக்குக் கேக்கலம்மா. எனக்குக் காது கேக்காது. இப்பம் சத்தமாச் சொல்லு தாயி" என்று, கடையில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக் கவுண்டர் மேல் சாய்ந்தார்.