ரோமில் மல்லி தேடிய வாரம்

1977 ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது வாரத்தை நாங்கள் ரோம் நகரில் கழித்தோம். லண்டனில் இருந்த என் மனைவியின் அக்காவிடம் போகும் வழியில் அங்கே இறங்குவது என்பது என்னுடைய யோசனை. மெல்பேர்னின் டண்டினொங் பகுதியில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் சேர்த்து வைத்திருந்த விடுமுறை முழுவதையும் எடுத்திருந்தேன். மெல்பேர்னில் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியிருக்கவில்லை. இருந்தும் பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கூடம் போகாமல் மறித்துக் கூட்டிவந்திருந்தோம். மூத்தவளுக்கு ஒன்பது வயது, இளையவளுக்கு ஐந்து. ஜூனில் தொடங்கிய மெல்பேர்ன் குளிர்காலம் முழுக்க நூலகப் புத்தகங்களை வாசித்து, எந்தச் சக்கரவர்த்தி எந்த ஆண்டில் எதைக் கட்டினான் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாகியிருந்தது.

எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். நாங்கள் யாழ்ப்பாணத்தவர்கள். ஆனால் கல்யாணம் முடித்த கையோடு கொழும்பில் குடியிருந்ததால் இருவருக்கும் சிங்களம் நன்றாகவே வரும். 1972இல் மெல்பேர்னுக்கு வந்தபோது மூத்தவளுக்கு நாலு வயது. அவளுக்குத் தெரிந்திருந்த கொஞ்சச் சிங்களமும் மறந்துபோயிற்று. இளையவள் அங்கேயே பிறந்தவள். மூத்தவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள், இளையவள் தமிழிலேயே கதைப்பாள், இருவருக்கும் தமிழ் முழுவதும் விளங்கும். ஆகவே பிள்ளைகளுக்கு ஒளித்துப் பேசவேண்டியதை நாங்கள் சிங்களத்தில் பேசினோம். பிறந்தநாள் பரிசு, ஆசிரியையின் முறைப்பாடு, பக்கத்து வீட்டாரின் சண்டை எல்லாம் அந்த மொழியில்தான். இளையவள் அதற்கு 'அம்மா அப்பான்ர பாஷை' என்று பெயர் வைத்திருந்தாள். அதற்கு ஒரு நாடும் சனமும் உண்டென்பது அவளுக்குத் தெரியாது.

கொலோசியத்துக்குப் போன நாளில், தெருவோரப் பத்திரிகைக் கடையில் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று வாங்கினேன். முதல்நாள் பத்திரிகை. உட்பக்கத்தில், ஒரு விரல் அகலத்தில், அந்தச் செய்தி இருந்தது. இலங்கையின் பல நகரங்களில் தமிழர்கள் தாக்கப்படுகிறார்கள், வீடுகள் எரிகின்றன, ஊரடங்குச் சட்டம் போடப்பட்டிருக்கிறது. ஊர்களின் பெயர்கள் இல்லை. மனைவி என் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தாள். அவளுடைய ஒரே தம்பி குருநாகலில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். இன்னும் கல்யாணம் ஆகாதவன். தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தான்.

அவள் வாயிலிருந்து வந்தது இரண்டே சொற்கள்.

"மல்லி கோ?"

தம்பி எங்கே என்று சிங்களத்தில் கேட்டாள். பிள்ளைகள் பக்கத்தில் நின்றதால் பயம் கூடப் பழக்கதோஷத்தில் அந்த மொழியிலேயே வந்தது. அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் எங்களுக்கு வேறு மொழி இல்லை.

மனிதரைச் சிங்கங்களோடு மோதவிட்ட அந்தப் பழைய அரங்கைப் பார்க்கப் பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள். உள்ளே போனோம். மூத்தவள் கைபிடிச் சுவரில் ஏறி நின்று கேட்டாள்.

"அப்பா, ஹவ் மெனி பீப்பிள் டைட் ஹியர்?"

அதற்கு நான் விடை தயாரித்து வைத்திருந்தேன். எந்த விழாவில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதுவரை வாசித்திருந்தேன். "கனபேர்" என்று மட்டும் சொன்னேன்.

"மற்ற ஆக்கள் சும்மா இருந்து பாத்தவையோ?" என்றாள் இளையவள்.

"ஓம்."

"ஏன்?"

மனைவி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழே கிடந்த கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை பிரதான ரயில் நிலையத்திலிருந்த தொலைபேசி நிலையத்துக்குப் போனோம். கொழும்பு என்று சொன்னதும் அங்கிருந்த பெண் இரண்டு கைகளையும் விரித்தாள். லண்டனுக்கு எடுத்தோம். அக்காவுக்கு எங்களுக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியவில்லை. ஊருக்குத் தந்தி அடித்திருப்பதாகவும், இரண்டு நாள் கழித்து எடுக்கும்படியும் சொன்னார். உடனே லண்டனுக்குப் போய்விடலாமென்று பயணச்சீட்டு மாற்றக் கேட்டேன். விடுமுறைக் காலம், வார முடிவுவரை இடமில்லை.

அதனால் அடுத்த நாளும் ஊர் பார்த்தோம். வேறு என்ன செய்வது? சின்ன அறைக்குள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பெரிய குவிமாடமுள்ள கோயிலுக்குள் போனோம். அதன் உச்சியில் வட்டமாக ஓர் ஓட்டை, வெயில் நேராக உள்ளே விழுந்தது. "மழை பெய்தா?" என்று இளையவள் கேட்டாள். நான் பதில் சொல்லத் தொடங்கி, மனைவியைப் பார்த்து, பாதியில் விட்டேன். பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொண்டு, அவர்களின் தலைக்கு மேலால் நாங்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தோம். மல்லி யாழ்ப்பாணத்துக்குப் போயிருப்பானா, மல்லியின் அறை எந்தத் தெருவில், மல்லியின் கந்தோரில் வேறு தமிழர் இருக்கிறார்களா. பிள்ளைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார்கள்.

இளையவள் என்னைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள்.

"நீங்கள் ஏன் அம்மாக்கு வாங்கிக் குடுக்கேல்லை?"

"என்னத்தை?"

"மல்லி. அவவுக்குத் தடிமன். மூக்கெல்லாம் சிவந்துபோச்சு. நேற்றிலையிருந்து மல்லி மல்லியெண்டு கேக்கிறா, நீங்கள் சும்மா கதைச்சுக்கொண்டிருக்கிறீங்கள்."

எங்கள் வீட்டில் யாருக்குத் தடிமன் பிடித்தாலும் மல்லியும் இஞ்சியும் போட்டு அவித்த தண்ணீர்தான் மருந்து. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். நான் அவளைத் திருத்தவில்லை. "கடையெல்லாம் பூட்டு, பிள்ளை" என்றேன். அது பொய்யில்லை. ஆகஸ்ட் நடுவில் ரோம் நகரத்தவர்கள் கடைகளைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் தெருவில் பாண் வாங்கக்கூட நெடுந்தூரம் நடக்கவேண்டியிருந்தது.

தங்குமிடத்துக்குத் திரும்பியதும் மனைவி கட்டிலில் சாய்ந்தாள். பிள்ளைகள் இருவரும் அறையை விட்டு நழுவியது எனக்குத் தெரியாது. கீழே போய், செருப்பை இழுத்து இழுத்து நடக்கும் வீட்டுக்காரியிடம், அம்மாவுக்குக் 'கொரியண்டர்' வேண்டுமென்று மூத்தவள் கேட்டிருக்கிறாள். டண்டினொங் கடையில் வாங்கும் பைகளில் அந்தச் சொல்லை வாசித்திருந்தாள். வீட்டுக்காரி இரண்டு தரம் திருப்பிக் கேட்டுவிட்டு, சிரித்து, லாச்சியைத் திறந்து ஒரு கடதாசிப் பையைக் கொடுத்தாளாம்.

பையை இளையவள் அம்மாவின் மடியில் வைத்தாள். உள்ளே சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் பொடியாக வெட்டிய கடதாசித் துண்டுகள். திருவிழாக்களில் ஆட்கள் மேல் எறிவார்களே, அது. இத்தாலியர்கள் மல்லிக்கும் அதற்கும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள் என்றும், பழைய காலத்தில் சீனி பூசிய மல்லி விதைகளை எறிந்ததால் வந்த பெயர் அது என்றும் பல வருடங்களுக்குப் பின்னர் வாசித்து அறிந்தேன். அன்று எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஐ டோன்ட் திங்க் யூ கேன் பாயில் இட்" என்றாள் மூத்தவள்.

"இஞ்சத்தை மல்லி இப்பிடித்தான்" என்றாள் இளையவள் விட்டுக்கொடுக்காமல். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து, "இனி மல்லி கேட்டு அழமாட்டீங்கள்தானே?" என்றாள்.

மனைவி என் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினாள். ஒரு சொல் வந்தது. மற்றது வரவில்லை. பையின் வாயை மடித்து மூடினாள், மறுபடி திறந்தாள், மறுபடி மூடினாள்.

அடுத்த நாள் தொலைபேசி நிலையத்தில் நீண்ட நேரம் காத்திருந்தோம். கூப்பிட்டதும் மனைவி கண்ணாடிக் கூண்டுக்குள் போனாள். நான் பிள்ளைகளோடு வெளியே நின்றேன். இணைப்பு மோசமாக இருந்திருக்கவேண்டும், அவள் கத்தியது கதவையும் தாண்டிக் கேட்டது.

"அக்கா, தம்பி எங்க? தம்பி இருக்கிறானோ? தம்பி, தம்பி..."

மூத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமாவோ?" என்றாள். அவள் தமிழில் கேட்டதை நான் கவனித்தேன்.

மனைவி வெளியே வந்து, பிள்ளைகளுக்கு முன்னாலேயே, தமிழில் சொன்னாள்.

"கொழும்பு முகாமில இருந்தவனாம். கப்பலில ஏத்தி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினவையாம். ஏத்தினது தெரியும். இறங்கினது தெரியாது. நிறையப் பேருக்குக் காயமாம். இவனுக்கு என்னெண்டு தெரியாது."

"இனித் தெரியவரும். நீர் இரும் கொஞ்சம்" என்றேன்.

அவள் இருந்தாள். ரயில் நிலைய மர வாங்கில் பிள்ளைகளை இரண்டு பக்கமும் இருத்தி, நடந்ததையெல்லாம் தமிழில் சொன்னாள். ஊரில் இரண்டு சனம் இருப்பதையும், நாங்கள் எந்தச் சனம் என்பதையும், மாமாவை ஏன் கப்பலில் ஏற்றினார்கள் என்பதையும். பெட்டிகளோடு ஆட்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் தடுக்கவில்லை.

"அப்ப மல்லி?" என்றாள் இளையவள்.

"மல்லி எண்டா தம்பி. சிங்களத்தில."

"அப்ப உங்களுக்குத் தடிமன் இல்லை."

"இல்லை, பிள்ளை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அந்தப் பாஷைக்கார ஆக்களோ அடிச்சவை?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்ல முன்னர் மூத்தவள் தங்கையின் கையைப் பிடித்து, "ஷ்ஷ்" என்றாள்.

லண்டனில் நாங்கள் இருந்த நாட்களிலும் செய்தி வரவில்லை. மெல்பேர்னுக்குத் திரும்பி இரண்டாவது கிழமையில்தான் தந்தி வந்தது. இறங்கியிருந்தான். இடது கை முறிந்திருந்தது. கந்தோரில் அவனோடு வேலை செய்த ஒரு சிங்களவர் தன் வீட்டில் ஒளித்து வைத்து, பிறகு முகாம்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார் என்பது மேலும் ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. ஆனால் ரோமில் நின்றுபோன அந்த மொழி எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. ஒளித்துப் பேச எங்களிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

அந்த ஆண்டின் கடைசியில் ஒருநாள், சாப்பாட்டு மேசையில், பிள்ளைகள் இருக்கும்போதே மனைவி கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அவனை இங்க கூப்பிடேலாதோ?"

பிள்ளைகள் இருவரும் தலையை நிமிர்த்தினார்கள்.

"லேசில்லை" என்றேன். "விடுவாங்களோ தெரியாது."

"வேர் வில் ஹி ஸ்லீப்?" என்றாள் மூத்தவள்.

"என்ர அறையில" என்றாள் இளையவள். பிறகு, "கை சுகமாயிட்டுதோ?" என்று கேட்டாள்.

"தெரியாது, பிள்ளை" என்று மனைவி அவளுக்கே பதில் சொன்னாள். "இன்னும் தெரியாது."