வெயிலைத்தான் கேட்டேன், ஆற்றைக் கேட்கவில்லை

நமது வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பத்து வருஷமாக வருகிறேன். ஒருநாளும் எழுந்து நின்று என் அனுபவம் என்று எதையும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது கண் கலங்குவேன், சுண்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டபோது முதலில் முடியாது என்றேன். நன்றியை எழுத வேண்டுமானால் அதற்கு முன்னால் கோபத்தை எழுத வேண்டும். முருகன் மேல் எனக்கு வந்த கோபம் ஒன்று. நான் அக்கா என்று கூப்பிட்ட ஒருவர் மேல் வந்த கோபம் இன்னொன்று, அது இதைவிடப் பெரியது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

என் பெயர் மலர்விழி. சொந்த ஊர் கோபி. அமெரிக்காவில் இந்தப் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. மருந்துக் கம்பெனிகள் பயன்படுத்தும் சாஃப்ட்வேரில் தப்பு இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது என் வேலை. வேலைப் புத்தி வீட்டிலும் விடாது. அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை பார்ப்பேன், கராஜ் கதவை மூன்று தடவை பார்ப்பேன். என் மகள் நிலாவுக்கு இதில் ஏகப்பட்ட கேலி.

நிலாவுக்கு அப்போது பதினைந்து வயது. என்ன கேட்டாலும் "ஃபைன்" என்று ஒரு வார்த்தை, அதற்கு மேல் கிடைக்காது. அப்படிப்பட்டவள் போன வருஷம் வசந்த காலத்தில் தானாக வந்து, டெலவேர் ஆற்றில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் போகலாமா என்று கேட்டாள். சம்மர் கேம்ப்பில் இரண்டு வருஷம் ஏரியில் துடுப்பு போட்டவள். அவள் கேட்டதே எனக்குப் பெரிய வரம். உடனே சுதாக்காவுக்கு போன் பண்ணினேன்.

சுதா என்பது நான் மாற்றி வைத்த பெயர். நம் குழுவில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியும், ஆனாலும் அச்சில் வேண்டாம். நிலா பிறந்தபோது ஊரிலிருந்து வர என் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பத்தியச் சாப்பாடு செய்து போட்டது சுதாக்காதான். குழந்தைக்கு முதல் குளியலே அவர் கையால்தான். அவர் சொன்னால் எனக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது. ஊரையே சந்தேகப்படும் எனக்கு, சந்தேகப்படத் தோன்றாத ஒரே ஆள் அவர்தான்.

அவருக்கும் யோசனை பிடித்துவிட்டது. பிளானோ என்ற ஊரிலிருந்து அவருடைய அண்ணன் குடும்பம் மே மாதம் வருவதாக இருந்தது. எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று முடிவாயிற்று. ஆற்றுப் பயணங்களுக்கு வழிகாட்டியாகப் போகும் ஹெலன் என்ற அம்மாவைக் கண்டுபிடித்தோம். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். முதல் பேச்சிலேயே அவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மே மாதத்தில் வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் ஆற்றுத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், தண்ணீரின் குளிருக்குத்தான் உடுத்த வேண்டும், பருத்தித் துணியே கூடாது, ரப்பர் உடை நானே கொண்டுவருவேன் என்றார். வடக்கே மலையில் மழை பெய்து ஆறு ஏறினால் இங்கே வானம் எப்படி இருந்தாலும் பயணம் ரத்து என்றும் சொன்னார்.

நானும் குறித்துக்கொண்டேன். ஆனால் காதில் விழுந்தது மழை என்ற ஒரு சொல்தான். இந்த ஊர் வசந்த காலம் உங்களுக்குத் தெரியாததா. ஒருநாள் ஏசி, மறுநாள் ஹீட்டர். அந்த வாரம் முழுக்க மூட்டமும் தூறலுமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் குளித்துவிட்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். ஊரில் என்றால் ஒரு ரூபாய், இங்கே குவார்ட்டர் என்கிற கால் டாலர் காசு. "முருகா, சனிக்கிழமை நல்லா வெயில் அடிக்கணும்" என்று வேண்டிக்கொண்டேன். இதைத்தான் கேட்டேன் என்பதை நினைவில் வையுங்கள்.

ஹெலனுடன் பேசும் பொறுப்பை சுதாக்கா எடுத்துக்கொண்டார். நான் வழக்கம்போல ஒவ்வொன்றையும் துருவித் துருவிக் கேட்டதும் சிரித்தார்.

"மலர், அவங்க கூட பேசறதை நான் மட்டும் பண்றேன். ஆளாளுக்கு மெசேஜ் பண்ணினா கடுப்பாயிடுவாங்க. நீ சாப்பாட்டைப் பாத்துக்க. என்னை நம்பலையா?"

நம்பினேன். புளியோதரைக்கும் உருளைக்கிழங்குக்கும் லிஸ்ட் போட்டேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றும்போது மனசுக்குள் ஓர் அரிப்பு. எதையோ சரிபார்க்காமல் விட்ட மாதிரி. பூஜை முடிந்ததும் சுதாக்காவுக்குத் தெரியாமல் ஹெலனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். நன்றி, நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பார்ப்போம் என்று எழுதி, ஏறும் இடம், இறங்கும் இடம், இறங்கும் இடத்தில் நான் காத்திருப்பேன், என் கார் நீல நிறம் என்பது வரைக்கும் எழுதினேன். அனுப்பிய பிறகு குற்ற உணர்ச்சியாக இருந்தது. அக்காவை நம்பாமல் திருட்டுத்தனம் பண்ணிவிட்டேனே என்று சாமி முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பதில் வரவில்லை. கடுப்பாகிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்தபோது வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. மஞ்சள் துணியைப் பார்த்துக் கும்பிட்டேன். என் கணவருக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை, அதனால் நானும் நிலாவும் மட்டும் கிளம்பினோம். எனக்கு நீச்சல் தெரியாது, படகில் ஏறுவதாகவும் இல்லை. அவர்களை ஆற்றில் விட்டுவிட்டு, கீழே இறங்கும் இடத்துக்குச் சாப்பாட்டோடு காரில் போய்க் காத்திருப்பது என் வேலை.

ஏறும் இடத்தில் சுதாக்கா குடும்பமும் அண்ணன் குடும்பமும் படகுகளோடு தயாராக இருந்தார்கள். ஹெலன் இல்லை.

"அக்கா, ஹெலன் எங்க?"

"அவங்க முன்னாடியே தண்ணில இறங்கிட்டாங்க. அடுத்த வளைவுல வெயிட் பண்றாங்க."

"ரப்பர் டிரஸ்?"

"இவ்ளோ வெயிலுக்கு வேண்டாம்னுட்டாங்க. நீ டென்ஷன் ஆகாம கிளம்பு மலர்."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். நிலா லைஃப் ஜாக்கெட்டுக்குள் பருத்தி ஹூடி போட்டிருந்தாள். தலைமுடியைக் கட்டியிருந்த சிவப்புத் துணி ஸ்க்ரஞ்சியைக் கழற்றித் துடுப்பில் மாட்டிக்கொண்டு, எனக்குக் கை காட்டிவிட்டு இறங்கினாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிக் காரை எடுத்தேன்.

நான் இறங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து பதினைந்து நிமிஷம் இருக்கும். கூரையில் படகு கட்டிய ஒரு வேன் வேகமாக வந்து என் நீலக் காருக்குப் பக்கத்தில் நின்றது. இறங்கியவர் ஹெலன்.

ஆற்றில் இருக்க வேண்டியவர் என் முன்னால் நிற்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்கள் ஆட்கள் எங்கே?" என்று கேட்டார். அடுத்த வளைவில் நீங்கள்தானே காத்திருக்கிறீர்கள் என்றேன். அவர் முகம் மாறியது. மேலே நல்ல மழை பெய்து ஆறு ஏறிவிட்டதால் வியாழக்கிழமையே பயணத்தை ரத்து செய்து சுதாவிடம் சொல்லிவிட்டதாகவும், சுதா சரி என்று பதில் போட்டதாகவும் சொன்னார். வேலை இல்லாத நாளில் அவர் போனைப் பார்ப்பதில்லையாம். அன்றைக்கு என்னவோ காபி குடிக்கும்போது எடுத்துப் பார்த்திருக்கிறார். என் மெசேஜ் இருந்திருக்கிறது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், அந்தப் பள்ளத்தாக்கில் எனக்கு சிக்னல் இல்லை. இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அவர் வீடு. அதனால் நேராக இங்கே வந்துவிட்டார்.

வேனில் இருந்த ரேடியோவில் மீட்புப் படைக்குத் தகவல் சொன்னார். என்னிடம் போர்வைகளைக் கொடுத்து, இங்கேயே நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். ஆற்றை ஒட்டிய ரோட்டில் மேல்நோக்கி வேனை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் தனியாக நின்றேன். காற்று சட்டென்று திரும்பிக் குளிர ஆரம்பித்தது. எனக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை. இப்படியா என்ற கேள்விதான். என் பிள்ளையைக் குளிப்பாட்டிய கை. அந்தக் கைதான் அவளைத் தண்ணீரில் தள்ளிவிட்டிருக்கிறது. வியாழக்கிழமையிலிருந்து தெரிந்துகொண்டே என்னைப் புளியோதரை கிளற வைத்திருக்கிறார். அப்புறம் ஆத்திரம் முருகன் பக்கம் திரும்பியது. வாய்விட்டே திட்டினேன். "வெயில் கேட்டேன், கொடுத்துட்ட. மழை பெஞ்சிருந்தா எம்புள்ள வீட்டுல இருந்திருப்பா. கேட்டதைக் கொடுத்து ஏமாத்திட்டியே. நீயும் அவங்களோட சேந்துக்கிட்டியா?"

அப்போது துடுப்பு ஒன்று மட்டும் தனியாக மிதந்து வந்தது. அதில் சிவப்பு ஸ்க்ரஞ்சி இருந்தது.

அதற்குப் பிறகு திட்டவும் தெம்பில்லை. கேட்கவும் வார்த்தை இல்லை. எனக்கு இது வேண்டும் அது வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. "முருகா, நிலா" என்றேன். "முருகா, நிலா." எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. அந்த இரண்டு பெயருக்கு நடுவில் நான் எதையும் சேர்க்கவில்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேன் திரும்பி வந்தது. முன் சீட்டில் வெள்ளித்தாள் மாதிரி ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஹெலனின் கம்பளிக் குல்லாவோடு என் மகள் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது.

"அம்மா, ஸ்டாப் க்ரையிங். ஐ'ம் ஓகே," என்றாள். பல் கடகடவென்று அடித்துக்கொண்டது.

ஒரு வளைவில் விழுந்து கிடந்த மரத்தில் மோதி நிலாவின் படகு கவிழ்ந்திருக்கிறது. அவள் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறாள். மற்றவர்கள் எப்படியோ கரை ஒதுங்கிவிட்டார்கள், ஆனால் யாராலும் அவளை நெருங்க முடியவில்லை. ஹெலன்தான் கயிற்றோடு போய் எடுத்திருக்கிறார். விரல்கள் மரத்துப்போய், இன்னும் கொஞ்ச நேரத்தில் பிடி விட்டிருக்கும் என்றார். ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் வைத்துச் சூடேற்றினார்கள், சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சுதாக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அண்ணன் குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட் என்பதால் தள்ளிவைக்க முடியவில்லையாம். கயாக் கூட்டிப்போகிறேன் என்று அண்ணியிடம் ஒரு மாதமாகச் சொல்லிவிட்டு, இல்லை என்று சொல்ல முகமில்லையாம். அவர் கணவருக்குப் படகில் கொஞ்சம் பழக்கம் உண்டாம், ஆபீஸ் நண்பரிடம் படகுகளை இரவல் வாங்கினாராம். என்னிடம் சொன்னால் நான் நிறுத்திவிடுவேன் என்று தெரியுமாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் என் கையைப் பிடித்து ஒன்று சொன்னார்.

"அதான் ஒண்ணும் ஆகலையே மலர்."

கையை இழுத்துக்கொண்டேன். அன்றைக்கு அவர் சொன்ன பொய்யைவிட இந்த வார்த்தைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்கப்புறம் மூன்று மாதம் நான் பூஜைக்கு வராததற்கு முழங்கால் வலி என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். முருகன் மன்னிக்கட்டும்.

அந்த மூன்று மாதமும் சமையலறையில் அந்த மஞ்சள் துணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் அடித்துவிட்டதால் வேண்டுதல் பலித்துவிட்டது, காசை உண்டியலில் போட வேண்டும். போட மனசு வரவில்லை. ஒருநாள் நிலா வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் துணியைத் திருப்பி வைத்துவிட்டு, "பட் அம்மா, யூ டெக்ஸ்டட் ஹெலன்," என்றாள்.

ஹெலனுக்கு நீ மெசேஜ் அனுப்பினாயே என்று, அவ்வளவுதான் சொன்னாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். விளக்கு முன்னால் நின்றபோது வந்த அந்த அரிப்பு யார் கொடுத்தது? வெயில் நான் கேட்டது. மெசேஜ் நான் கேட்காதது. செவ்வாய்க்கிழமை நான் கேட்டதில் இருந்த தப்பை, வெள்ளிக்கிழமை சாயங்காலமே என் கையைக் கொண்டே அவன் திருத்தி வைத்திருக்கிறான். அதற்குத்தான் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தப்பு கண்டுபிடிப்பதே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு இது புரிய மூன்று மாதம் ஆயிற்று. யானைக்கும் அடி சறுக்கும்.

அந்த வாரமே காசை உண்டியலில் போட்டேன். இப்போது நான் முருகனிடம் லிஸ்ட் கொடுப்பதில்லை. யாருக்காக வேண்டுகிறேனோ அவர்கள் பெயரைச் சொல்கிறேன், மிச்சத்தை அவனிடம் விட்டுவிடுகிறேன். ஹெலனின் பெயரும் தினமும் அதில் உண்டு. நிலா போன மாதம் மறுபடி ஆற்றில் இறங்கினாள், ரப்பர் உடை போட்டுக்கொண்டு, ஹெலனுக்குப் பின்னால். நான் கரையில்தான் நின்றேன். மூன்று தடவை சரிபார்த்த பிறகுதான் விட்டேன், அது மாறாது. நீங்களும் ஒருமுறை இப்படிப் பெயரை மட்டும் சொல்லி வேண்டிப் பாருங்கள். நாம் கேட்கத் தெரியாமல் கேட்டதைக்கூட அவன் பார்த்துக்கொள்வான்.

அனுபவம் சொல்கிறவர்கள் கடைசியில் எல்லாரையும் மன்னித்துவிட்டேன் என்று முடிப்பார்கள். என்னால் அப்படி எழுத முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை சுதாக்கா எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தீபாராதனைத் தட்டை அவரிடம் நீட்டினேன், முகத்தைப் பார்க்கவில்லை.

சாமி படத்துக்கு முன்னால் இப்போது இரண்டாவதாக ஒரு மஞ்சள் துணி இருக்கிறது. காசை வைத்து முடிச்சுப் போடும்போது நான் எதையும் கேட்கவில்லை. "முருகா, சுதாக்கா" என்று மட்டும் சொன்னேன். அது இன்னும் அவிழ்க்கப்படாமல் அப்படியே இருக்கிறது.