சாமிக்கு உடைத்த வால்நட்

டாக்டர் சொன்னதைப் படி இறங்குவதற்குள் மறந்துவிடும் மனிதர்கள் உண்டு. என் வீட்டுக்காரர் அந்த ரகம் இல்லை. புதுச்சேரியில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், கெட்ட கொழுப்பு ஏறியிருக்கிறது, பஜ்ஜி போண்டாவுக்குப் பதில் தினமும் ஒரு கைப்பிடி வால்நட் சாப்பிடுங்கள், அதில் இருப்பது இதயத்துக்கு நல்ல கொழுப்பு, உப்பு மட்டும் தூவாதீர்கள் என்று சொல்லி, தினம் காலையில் போட ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். "உப்பளக்காரனப் பாத்து உப்பு வேணாங்கறாரு" என்று கீழ்புத்துப்பட்டு வரை பஸ்ஸில் புலம்பியவர், மரக்காணத்தில் இறங்கும்போது வால்நட்டுக்குப் பக்தராகியிருந்தார்.

கடல் காற்றில் பருப்பு சிக்கு வாடை அடித்துவிடும் என்று ஓட்டோடு ஒரு பை நிறைய வரவழைத்தார். வீட்டில் தேங்காய்க்குத் தடை. வால்நட்டில் சட்னி அரைக்கச் சொன்னார், அரைத்தேன். சேற்று நிறத்தில் கசந்தது. நல்லா இருக்குது என்று கண்ணில் தண்ணீரோடு சாப்பிட்டார். பருப்பு மூளை மாதிரி இருப்பதால் மூளைக்கும் நல்லது என்று யாரோ சொல்ல, தின்ற கையோடு பதினேழாம் வாய்ப்பாடு ஒப்பிப்பார். அது முன்பும் வந்ததில்லை, இப்போதும் வரவில்லை.

எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவருடைய அப்பாவும் அண்ணனும் நெஞ்சுவலியில் போனவர்கள். பயமாக இருக்கிறது என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. அதனால் வால்நட்டைப் பற்றியே பேசினோம்.

எங்கள் பக்கம் முதல் உப்பு வாரும் நாளில் பாத்தி ஓரம் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்த பிறகுதான் உப்பு வாரும் பலகையைக் கையில் எடுப்பார்கள். காய் அழுகியிருந்தால் குடும்பத் தலைவருக்கு ஆகாது என்பார்கள். இந்த வருஷம் பூஜைத் தட்டில் ஒரே ஒரு வால்நட் உட்கார்ந்திருந்தது.

"இன்னாங்க, தேங்கா எங்க?" என்றாள் உப்பு வாரும் பெண்களில் மூத்தவள்.

"அதுல கொழுப்பு ஜாஸ்தி. சாமிக்கும் ஹார்ட்டு நல்லா இருக்கணும் இல்ல?"

கல்லில் ஓங்கி அடித்தார். உடையவில்லை. துள்ளிப் போய்ப் பாத்தித் தண்ணீரில் விழுந்து மிதந்தது. இறங்கி எடுத்து வந்து மறுபடி அடித்தார். உடைந்தது. உள்ளே பருப்பு கருத்துச் சுருங்கிக் கிடந்தது.

அவர் கை நெஞ்சுக்குப் போனது.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்ல. பயமா இருக்குது."

எனக்குச் சாமி மேலேயே கோபம் வந்துவிட்டது. பையிலிருந்து இன்னொன்றை எடுத்து நானே உடைத்தேன். பருப்பு வெளுப்பாக, முழுசாக இருந்தது. "மொதல்ல சாமிக்கும்மா!" என்று அந்தப் பெண் கத்தினாள்.

"சாமி அப்பறமா துன்னட்டும்" என்று அவர் வாயில் திணித்தேன். "காலைல மாத்திர போட்டியா?"

மென்றுகொண்டே தலையைக் குனிந்தார். "அதான் வால்நட்டு துன்றனேன்னு மாத்திரைய அன்னிக்கே உட்டுட்டேன்."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பலகைகளோடு அத்தனை பேரும் பார்த்திருக்க, முதல் உப்பையும் சாமியையும் அப்படியே விட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்து வரப்பு வழியாக வீட்டுக்கு இழுத்துப் போனேன். வழியெல்லாம் திட்டினேன். திட்டத் திட்ட அழுகை வந்தது.