என் ஆளுக்குத் தெரியாது

எண்பத்து மூன்றோ நான்கோ, ஆனி மாதம். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் அத்தை மகன் லீவுக்கு வந்தபோது இருநூறு பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். ஹாஸ்டலில் கூடத் தங்கியவனுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த புத்தகத்தைப் பார்த்து இவனே தமிழில் எழுதிக்கொண்ட விளையாட்டு அது. காய் இல்லை, கட்டம் இல்லை. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, தன் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும்.

அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. போடிமெட்டுக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்து வீட்டில் பகலெல்லாம் அடைந்துகிடந்தோம். அட்டைக் கடிக்குப் பயந்து வெளியே கால் வைக்க முடியாது. அம்மா அடுப்படியில் இருப்பாள். அவன் கதை சொல்வான். நான் மலை தாண்டிப் போகும் பொதி வியாபாரி, என் தங்கச்சி பச்சிலை வைத்தியக்காரி. அவன் அவளுக்கு முறை மாப்பிள்ளை. தையில் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள்.

ஆட்டத்தில் ஒரு சட்டம்தான் எங்களைப் பாடாய்ப்படுத்தியது. மூன்று பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்திருப்பதால் எல்லாம் எல்லார் காதிலும் விழும். ஆனால் என் ஆள் இல்லாத இடத்தில் நடந்தது எனக்குத் தெரிந்தாலும், என் ஆளுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடந்துகொண்டால் அது அழுகுணி ஆட்டம்.

தங்கச்சிக்கு இது வரவே வராது. பாதையில் புலி படுத்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், அவளுடைய வைத்தியக்காரிக்கு உடனே கால் சுளுக்கிக்கொள்ளும்.

“ஒனக்குத்தான் தெரியும் புள்ள, அவளுக்குத் தெரியாது” என்பான் அவன்.

“அவளும் நாந்தானே மச்சான்” என்பாள்.

ஒரு நாள் அவளுடைய வைத்தியக்காரி ஆற்றில் தண்ணீர் மொள்ளும்போது, கொள்ளைக்காரர்கள் தொங்குபாலத்துக் கயிற்றைப் பாதி அறுத்து வைப்பதைப் பார்த்துவிட்டாள். என் வியாபாரி வேறு பக்கமிருந்து அந்தப் பாலத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தான். கூப்பிட்டாலும் கேட்காத தூரம்.

“அண்ணே, திரும்பிப் போயிரு” என்று தங்கச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“பாலத்துல ஏறுறேன்” என்றேன். கட்டையை உருட்டினேன். கயிறு அறுந்து வியாபாரி பொதியோடு ஆற்றில் போய்ச் சேர்ந்தான். அத்தை மகன் என் முதுகில் தட்டி, “இதுதான் ஆட்டம்” என்றான். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்கச்சி மதியம் எங்கள் இருவருக்கும் சோறு போடவில்லை, அம்மாதான் போட்டாள்.

மறுநாள் காலை மழை வெறித்திருந்தது. டீ குடிக்கப் போடிமெட்டுக்கு நடந்தோம். வழியில் அவன் ஆரம்பித்தான்.

“மாப்ளே, கூடப் படிக்கிற புள்ளையத்தான் நான் கட்டப்போறேன். ஆவணிக்குள்ள எங்கய்யாகிட்ட நானே சொல்லிர்றேன். அதுவரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது. ஒன்ட்ட ஏன் சொல்றேன்னா, நேத்துத்தான் பாத்தேனே, தெரிஞ்சாலும் நீ காட்டிக்க மாட்டே.”

கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்திருக்க வேண்டும். அதற்குள் அவன் கையை நீட்டிவிட்டான். “ஒந் தங்கச்சி மேல சத்தியம் பண்ணு.” நானும் மடையன் மாதிரி அவன் கையில் அடித்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒருத்தர் மேல் சத்தியம் செய்து மீறினால், கேடு மீறியவனுக்கு இல்லை, யார் மேல் செய்தானோ அவருக்குத்தான். நீங்கள் சிரிக்கலாம். நானும் பி.எஸ்ஸி. படித்தவன்தான். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தால்கூட, யாரிடமாவது உளறிவிட்டேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

லீவு முடியும்வரை ஆட்டம் நடந்தது. அவன் கதை சொல்லும்போது தங்கச்சி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் தாயக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆடியில் அவளுக்கு ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. வெளியூர், ஹாஸ்டல், இரண்டு வருஷம், பத்து நாளில் சேர வேண்டும். அந்தக் கடிதத்துக்காகத் தினமும் தபால்காரரை வழிமறித்தவள் அவள்.

“தையில கல்யாணத்த வச்சுக்கிட்டு எங்கிட்டுப் போயிப் படிக்கிறது?” என்றார் அப்பா. “போகாம எடத்த அடச்சு வைக்கக் கூடாது. வேற புள்ளைக்காச்சும் கெடைக்கட்டும். வரலன்னு எழுதிப் போட்ருங்க.”

அவள் என்னிடம் வந்தாள். “கல்யாணத்த ரெண்டு வருசம் தள்ளச் சொல்லவாண்ணே? மச்சான் ஒத்துக்கும்ல?”

படிக்கப் போ என்று சொல்லியிருக்கலாம். அதனால் சத்தியத்துக்குப் பங்கமில்லை. ஆனால் ஏன் என்று அவள் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். “அப்பா சொல்றபடி செய்யி” என்றேன். அன்றே அவனுக்குக் கடிதம் போட்டேன், வெரசாகச் சொல்லித் தொலை என்று. பதில் இல்லை. இன்னொன்று போட்டேன். அதற்கும் இல்லை. பத்து நாளும் ஓடிப்போயின.

ஆவணி போனது, புரட்டாசியும் போனது. ஐப்பசியில் அத்தை தலைவிரி கோலமாக வந்து அப்பா காலில் விழுந்தாள். அவன் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டானாம். “ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சே அண்ணே” என்று அழுதாள். நான் கதவில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி அத்தையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொல்லைப்புறத்தில் வந்து பிடித்தாள்.

“ஒனக்குத் தெரியுமாண்ணே?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

“எப்ப இருந்து?”

“ஆனி மாசத்துல இருந்து.”

அவள் அழுவாள், அடிப்பாள் என்று நின்றேன். ஆனி, ஆடி என்று விரல்களை மடக்கி எண்ணினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“வரலன்னு காலேஜுக்குப் போட்ட கடுதாசிய நீதானேண்ணே எழுதுன?”

ஆமாம். முழுவதையும் நான்தான் எழுதினேன். அவள் கையெழுத்து மட்டும் போட்டாள்.