இரும்புக் கட்டிலில் யார் படுப்பது?

பிரசவம் பார்க்கிறவளுக்கு ஊரில் எல்லா வீட்டு உள்ளறையும் தெரிந்திருக்கும். ஒரு வீட்டுச் சமையல்கட்டும் தெரிந்திருக்காது. உங்களில் யாராவது கிராமத்தில் நர்சு வேலை பார்த்திருந்தால் இந்த இடத்தில் "ஆமாண்டி அம்மா" என்று ஒரு பெருமூச்சு விடுவீர்கள். விடுங்கள், நானும் சேர்ந்து விடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், சேலத்தில் படிப்பு முடித்த கையோடு என்னை ஜேடர்பாளையம் பக்கம் ஒரு கிராமத்துப் பிரசவ விடுதிக்குப் போட்டார்கள். விடுதி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாமக்கல் போகும் பஸ் ரோட்டை ஒட்டி ஓர் அறை, ஒரு தாழ்வாரம், ஒரு ஆயா, ஒரு இரும்புக் கட்டில். அறுபதுகள் முடியும்வரை அங்கேதான் குப்பை கொட்டினேன். இப்போது யாரைப் பார்த்தாலும், "என்ன இருந்தாலும் அந்தக் காலம் மாதிரி வருமா, நீங்களே சொல்லுங்க" என்கிறார்கள். சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு ஒரு வீடு

முதல் வேலை வீடு பிடிப்பது. ஆயா பொன்னம்மா என்னைத் தெருத்தெருவாகக் கூட்டிப் போனாள். ஒரு வீட்டுக்காரர் மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மோர் வரும் என்று பார்த்தேன், கேள்விதான் வந்தது. "நீங்க என்ன ஆளுங்க?"

கழுத்தில் கிடந்த சிலுவையைக் காட்டி, "நாங்க வேதக்காரங்க" என்றேன். அப்பாடா, ஒரே வார்த்தையில் தொல்லை தீர்ந்தது என்று எனக்கு நினைப்பு. எங்கள் கோயிலுக்குள்ளேயே யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று வழக்கம் இருந்ததை நான் ஏன் அவரிடம் சொல்லப்போகிறேன்? மனுஷன் தாடையைச் சொறிந்தபடி யோசித்தார். வாடகை எவ்வளவு, எத்தனை பேர் இருப்பீர்கள் என்றெல்லாம் கேட்கவே இல்லை. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"அது செரிங்க. வேதத்துல சேர்றதுக்கு முன்னால என்ன ஆளுங்க?"

தீட்டுப் பட்ட வீடு

கடைசியில் விடுதித் தாழ்வாரத்திலேயே தட்டி கட்டிக் குடியேறினேன். நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தட்டிக்குப் பூட்டே கிடையாது. கல்யாணம் ஆகாத பெண், தனியாகக் கிடந்தேன். ஒருத்தன் தப்பாகப் பார்த்ததில்லை. காலையில் எழுந்தால் வாசலில் கத்திரிக்காயோ, ஒரு சீப்பு வாழைப்பழமோ இருக்கும். யார் வைத்தார்கள் என்றே தெரியாது. இன்றைக்கு எங்கள் மாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த மட்டில் ஏக்கமாகத்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை.

ஊரிலேயே பெரிய தோட்டம் பண்ணாடியுடையது. நிலபுலன் உள்ள பெரிய மனுஷரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் மருமகள் பாவாயிக்குத் தலைப்பிரசவம். வண்டி அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். பெண் குழந்தை. ஆனால் உதிரம் ஏகத்துக்கும் போனது. மாதாவே என்று ஒருவழியாக நின்றது. அப்புறம் தினமும் போய்ப் பார்த்தேன். அவள் பக்கத்திலேயே உட்காருவேன், தொட்டில் ஆட்டுவேன். அவளுக்கும் என் வயதுதான். "சேலத்துல சினிமாக் கொட்டாய்ல ஃபேன் சுத்துமாமுங்களே, நெசமுங்களா?" என்று ஆரம்பித்தால் வாய் ஓயாது. எனக்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே சிநேகிதி அவள்தான்.

ஒருநாள் வீட்டைக் கழுவி, புண்ணியார்ச்சனை செய்து தீட்டுக் கழித்தார்கள். மறுநாள் வழக்கம்போல் நடையேறப் போனேன். பாவாயியின் மாமியார் வாசலிலேயே மறித்து, மாட்டுக்கொட்டகைப் பக்கமாக ஒரு முக்காலியைப் போட்டார். முகத்தில் கடுகளவு கோபம் இல்லை, பாசம்தான்.

"தீட்டு இருந்தவரைக்கும் நீங்க உள்ள வரலாமுங்க சாமி. இப்ப ஊடு சுத்தமாயிருச்சில்லீங்க."

சும்மா கிடந்த கட்டில்

இரும்புக் கட்டில் சேலத்திலிருந்து பச்சைப் பெயிண்டு அடித்துப் பளபளவென்று வந்திறங்கியிருந்தது. படுக்கத்தான் ஆள் இல்லை. ஊர்த்தெருப் பெண்கள் வந்தால், "இதுல முன்னால ஆருங்க படுத்தது?" என்பார்கள். யாரும் படுக்கவில்லை என்பேன். "செரிங்க, இனிமே ஆரு படுப்பாங்க?" என்பார்கள். கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். ஊருக்கு வெளியே, தெற்கே ஒதுக்கி வைத்திருந்த வளவிலிருந்து வருகிற பெண்களோ கட்டிலைக் கண்டதுமே மிரண்டு, மூலையில் பாய் விரித்துக்கொள்வார்கள். ஆக, எல்லாருக்கும் தரை, கட்டிலுக்கு ஓய்வு. பொன்னம்மா பார்த்தாள், அதில் மிளகாய் காயப்போட ஆரம்பித்துவிட்டாள்.

சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் லேடி டாக்டர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்து நின்றார். அவர் தும்மிக்கொண்டே, "கட்டிலில் என்ன இது கண்றாவி?" என்று கத்தினார். பொன்னம்மா அசரவில்லை.

"இந்த ஊர்ல எல்லாருமு ஒண்ணாப் பொழங்குறது மொளகா ஒண்ணத்தானுங்க, அதான் படுக்கப்போட்டமுங்க."

பண்ணாடி கொடுத்த வாக்கு

பாவாயி மறுபடி உண்டானாள். சோகை பிடித்து முகம் வெளுத்துக் கிடந்தது, காலெல்லாம் வீக்கம். முதல் தடவை போன உதிரம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. மாட்டுக்கொட்டகை முக்காலியில் உட்கார்ந்தபடியே பண்ணாடியிடம் பச்சையாகச் சொல்லிவிட்டேன்: "இந்தத் தடவை விடுதிக்கு வந்தே ஆகணும். அங்க ரோடு பக்கத்துலயே இருக்கு. ஏதாவது ஒண்ணுன்னா பஸ்ஸையோ லாரியையோ மறிச்சு நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம். தோட்டத்துல வெச்சுக்கிட்டு இருந்தா ரோட்டுக்கு வந்து சேரவே முடியாது."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பாவாயி தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் உள்ளூர பயம்தான். பண்ணாடி நல்ல மனுஷர், அதை யாரும் மறுக்க முடியாது. பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர். பஞ்சத்தில் ஊர்ச்சனத்துக்குக் கஞ்சி ஊற்றியவர். நான் எதிர்பார்க்கவே இல்லை, சரி என்று சொல்லிவிட்டார்.

"எம்மருமவ மொதல்ல படுக்கட்டுமுங்க. பொறவு பாருங்க, ஊரே பின்னால வரும்."

முந்திக்கொண்டவள்

அந்த வாக்குக்கு அற்பாயுசு. தெற்கு வளவு இராமாயி ஒரு மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து விழுந்தாள். அதற்கு முன்னால் அவளுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. கைவைத்துப் பார்த்தேன், பிள்ளை கால்பக்கமாக வருகிறது. அப்படி வருகிற பிள்ளையைத் தரையில் போட்டு எடுப்பது லேசில்லை. தாயைக் கட்டில் விளிம்புக்குக் கொண்டுவந்தால்தான் தலை சிக்காமல் பக்குவமாக எடுக்கலாம்.

அவள் ஏறமாட்டேன் என்று அந்த வலியிலும் கையெடுத்துக் கும்பிட்டாள். "பண்ணாடியூட்டு அம்மணி படுக்கற கட்டலுங்க, வேண்டாமுங்க." எனக்கு வந்ததே கோபம்! "பேசாம ஏறுடி" என்று போட்ட சத்தத்தில் பொன்னம்மாவே நடுங்கிப்போனாள். ஆண் பிள்ளை. முதலில் மூச்சே காணோம். அப்புறம் வீல் என்று கத்தினான் பாருங்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளைக் கட்டிலில் ஏற்றியது தப்பு என்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. இராமாயி பிள்ளையை ஒரு தரம் பார்த்தாள், கட்டிலை ஒரு தரம் பார்த்தாள். பச்சை உடம்போடு கீழே இறங்கி முந்தானையை எடுத்தாள்.

"நானே தொடச்சுப்போடறேனுங்க. ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க நர்சம்மா."

புதுக் கட்டில்

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பண்ணாடி வந்து சண்டை பிடிப்பார் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக இருந்தேன். அவரோ நாலு நாள் கழித்துத் தம் சொந்த வண்டியில் புதுக் கட்டில், இலவம்பஞ்சு மெத்தை சகிதம் வந்து இறங்கினார். சேலத்துக்கே ஆள் அனுப்பி வாங்கினாராம். நான் ஒரு பைத்தியக்காரி, சந்தோஷத்தில் பழைய கட்டிலை ஓரம் தள்ளி இடம்கூடப் பண்ணிவிட்டேன்.

அவர் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. நிலைப்படியிலேயே நின்று நாலு பக்கமும் பார்த்தார். சுண்ணாம்பு அடித்துவிடுகிறேன் என்றேன். தரையைச் சாணி போட்டு மெழுகிவிடுகிறேன் என்றேன். "பாவாயி வரேன்னு பொன்னம்மாகிட்டச் சொல்லியனுப்பி இருக்கா, அவ பயப்படறா, கொஞ்சம் இரங்குங்க" என்று கெஞ்சினேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. அழுகிற ஆளிடம் நான் எப்படிச் சண்டை போடுவது? கட்டிலை மறுபடி வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"கட்டலு புதுசுங்க நர்சம்மா, செவுரு பழசுங்களே."

வண்டித் தடம்

மூன்று மாதம் கழித்துத் தோட்டத்து ஆள் தலைதெறிக்க ஓடிவந்து கூப்பிட்டபோது எனக்குப் பாதி விளங்கிவிட்டது. போய்ப் பார்த்தால் பிள்ளை பிறந்து கத்திக்கொண்டிருக்கிறது, ஆண் வாரிசு. பாவாயி அந்தப் புதுக் கட்டிலில், புது மெத்தையில், சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்கிறாள். மெத்தை சொதசொதவென்று நனைந்திருந்தது. பையில் கொண்டுபோன ஊசியைப் போட்டேன். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினேன். கை வலிக்க வயிற்றைப் பிசைந்தேன். நிற்கவில்லை. "வண்டி பூட்டுங்க!" என்று கத்தினேன். இப்போது யாரும் தீட்டும் பார்க்கவில்லை, திட்டமும் பார்க்கவில்லை.

கரும்புக் காட்டுக்கு நடுவே மேடும் பள்ளமுமான தடம். வண்டிக்குள் அவள் தலை என் மடியில் இருந்தது. பண்ணாடி செருப்பில்லாமல் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சாமி, சாமி" என்று அழுதபடி முன்னால் ஓடினார். பெற்ற மகளுக்குக்கூட ஒரு தகப்பன் அப்படி ஓடமாட்டான். தூரத்தில் நாமக்கல் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பாவாயி என் கையை இறுக்கினாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

"நர்சம்மா, ரோடு வந்துருச்சுங்களா?"

வேலிக்கு அப்பால்

இழவுக்கு ஊரே திரண்டு வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். இந்தக் காலத்தில் அப்படி யார் வருகிறார்கள்? எல்லார் வீட்டு அடுப்பும் அன்றைக்கு அணைந்துதான் கிடந்தது. என் சிநேகிதியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அழுதுகொண்டே திரும்பினேன். வேலிக்கு அந்தப் பக்கம், வெயிலில், இராமாயி நின்றுகொண்டிருந்தாள். அதற்குமேல் கிட்டே வர அவளுக்கு அனுமதி இல்லை. இடுப்பில் அந்தப் பிள்ளை கொழுகொழுவென்று கையை ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கொஞ்சவில்லை. முந்தானையால் மூடி மூடி மறைத்தாள். பிழைத்த பிள்ளையை வைத்துக்கொண்டு கூசி நின்ற தாயை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கிட்டே போனேன். அவள் குனிந்தபடியே கேட்டாள்.

"நான் அந்தக் கட்டல்ல ஏறாம இருந்திருந்தா அம்மணி வந்திருப்பாங்களுங்களா, நர்சம்மா?"

வந்திருப்பாள்தான், அதை அவளிடம் சொல்லாமல் பிள்ளையை மூடியிருந்த முந்தானையை விலக்கிவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், அந்தக் காலம் மாதிரி வருமா என்று இதுவரை என்னிடம் கேட்டவர்கள் எல்லாருமே ஆம்பிளைகள்தான், அந்தக் காலத்தில் அங்கே பிள்ளை பெற்றவள் ஒருத்திகூடக் கேட்டதில்லை.