ஒன்பதுகளைத் தூக்கிப் போட்ட ஒடெஸா

லாஸ் வேகஸின் பெரிய ஹோட்டல் ஒன்றில், சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் படுக்கை விரிப்பு தேய்த்தவள் ஒடெஸா டாலிவர். முழங்கால் போனதும் வேலையை விட்டாள். அதன்பிறகு செவ்வாய்க்கிழமை மதியமானால் நாத்தனார் ஜெனீவாவோடு ராஞ்சோ சாலையில் இருக்கும் ‘சில்வர் மியூல்’ சூதாட்டக் கூடத்துக்குக் கிளம்பிவிடுவாள். இருவரும் ஆடியது கால் டாலர் போக்கர் இயந்திரத்தில். ரெண்டாம் நம்பர் சீட்டெல்லாம் அதில் ஜோக்கர். இயந்திரம் ஐந்து சீட்டு கொடுக்கும். வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை ஒரே ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம்.

ஜெனீவா திரையைத் தடவிக் கொடுத்துத்தான் ஆடுவாள். “இது இன்னைக்குச் சூடா இருக்கு அண்ணி, இங்க உக்காருங்க!”

ஒடெஸா உட்காரவில்லை. தலைக்கு மேலிருந்த பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே மாதிரி நாலு சீட்டு வந்தா இது நாலுதான் குடுக்குது. பக்கத்து மிஷின் அஞ்சு குடுக்குது.”

“ஒண்ணுல என்ன வந்துடப்போகுது?”

“நாலு சீட்டு எத்தனை தடவை வருதுன்னு பாரு. அந்த ஒண்ணுலயே உன்னை உரிச்சிடுவான்டி.”

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு லூசியானாவில் பருத்தி பறித்தவள் ஒடெஸா. ஆனால் துண்டு அடுக்கில் ஒன்று குறைந்தால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அன்று வீட்டுக்குப் போனதும் சீட்டுக்கட்டை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள். ரெண்டை ஒருநாளும் விடக்கூடாது, வேறு வேறு ஜோடி இரண்டு வந்தால் ஒரு ஜோடியைக் கழித்துவிட வேண்டும், வெறும் ராஜா ஒன்றை நம்பி உட்காரக்கூடாது என்று ஒவ்வொன்றாய்ப் பிடிபட்டது. ஐந்து கொடுக்கும் அந்த இயந்திரத்தில் இத்தனையும் பிசகாமல் ஆடினால், நூறு போட்ட இடத்தில் காலப்போக்கில் நூற்றுக்கு ஒரு துளி மேலேயே திரும்பும் என்பதும் தெரிந்தது.

ஒரே ஒரு இடம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. மூன்று ரெண்டு, கூடவே ஒரு ஜோடி ஒன்பது. அப்படியே வைத்துக்கொண்டால் ஐந்தும் ஒன்பதாகி, ஒன்றுக்குப் பதினைந்து கிடைக்கும். ஒன்பதுகளைத் தூக்கிப் போட்டு நாலாவது ரெண்டு வந்துவிட்டாலோ, ஒன்றுக்கு இருநூறு.

மீதி நாற்பத்தேழு சீட்டில் ஏதாவது இரண்டு சீட்டு வர ஆயிரத்து எண்பத்தொரு வழி. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினாள். மூன்று வாரம் ஆனது. நாலாவது ரெண்டு வருவது நாற்பத்தாறு வழியில்தான். ஆனால் மற்ற எதிலும் ஒரே மாதிரி நாலு சீட்டுக்குக் கீழே போகவே போகாது. மாற்றினால், அத்தனை வழியிலும் கிடைப்பதைக் கூட்ட மொத்தம் 16,277. வைத்துக்கொண்டால் 16,215. இரண்டு தடவை திரும்பக் கூட்டினாள். அதே அறுபத்திரண்டு வித்தியாசம். முழங்காலை மறந்து அடுப்படியில் ஒரு சுற்று ஆடியே விட்டாள்.

மார்ச் மாதத்தில் அதே சீட்டுகள் அவள் கைக்கு வந்தன. ஐந்து நாணயம் போட்டிருந்தாள். எழுபத்தைந்து நாணயம் கையில் வந்த மாதிரிதான். ஒன்பது இரண்டையும் கழித்தாள்.

“அய்யய்யோ அண்ணி! புத்தி கெட்டுப்போச்சா?”

ஒரு ராஜாவும் ஒரு நாலும் வந்தன. இருபத்தைந்து நாணயம்.

ஜெனீவா சர்ச்சில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கோழி வறுவலை நீட்டி, “எங்க அண்ணிகிட்ட குடுக்காதீங்க, நல்லதா இருந்தா தூக்கிப் போட்டுருவாங்க” என்றாள். மேஜையே சிரித்தது. ஒடெஸாவும் சிரித்தாள், ஒரு துண்டு கூடவே எடுத்துக்கொண்டாள். உள்ளுக்குள் வலிக்காமல் இல்லை. அன்று மாலை தாள்களை எடுத்து மறுபடி கூட்டிப் பார்த்தாள். அதே அறுபத்திரண்டு.

அக்டோபரில் ஒரு செவ்வாய். மூன்று ரெண்டு, இரண்டு ஆறு.

“அண்ணி, இந்தத் தடவையாவது என் பேச்சைக் கேளுங்க. வச்சுக்குங்க!” ஜெனீவா அவள் மணிக்கட்டையே பிடித்துவிட்டாள். நாணயம் மாற்றித் தரும் பெண்ணும் நின்று பார்த்தாள்.

“கையை எடுடி.”

ஆறுகள் போயின. முதலில் ஒரு ராணி வந்தது. அடுத்தது ரெண்டு.

மணி அலறியது. ஆயிரம் நாணயம்! தட்டில் கொட்டிக் கொட்டி, பாதியிலேயே இயந்திரத்தின் வயிறு காலியாகி நின்றது. பணியாள் மூட்டையோடு ஓடி வந்தான். பின் வரிசையில் கிழவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

“அப்ப மார்ச்ல ஏன் வரல?” என்று ஜெனீவா கேட்டாள்.

“வரணும்னு யாரு சொன்னா? இருபத்து மூணு, இருபத்து நாலு தடவைக்கு ஒரு தடவைதான் அது வரும். அன்னைக்கு நான் தோத்தேன், ஆனா தப்பு பண்ணல. இன்னைக்கு ராணியோட நின்னிருந்தாலும் நான் செஞ்சது சரிதான்.”

சொல்லிவிட்டு ஒடெஸா, சலவைக்கூடத்தில் கேட்ட அதே கட்டைக்குரலில், கூடமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பிளாஸ்டிக் குவளைகளில் நாணயங்களை அள்ளி நிரப்பி, ஒவ்வொன்றாய் நாத்தனாரின் கையில் ஏற்றினாள். ஏழு குவளையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காசாளர் ஜன்னலை நோக்கி ஜெனீவா நடந்தாள். எதிரே வந்தவர்களிடமெல்லாம், “வழி விடுங்க, வழி விடுங்க, எங்க அண்ணி ஜெயிச்சது” என்று சொல்லிக்கொண்டே போனாள்.